சோமனூர் வகுப்புக்கு நான் வைத்த வணக்கம்

கோயம்புத்தூருக்குப் போகிறேன் என்றதும் பாடசாலையில் ஆளுக்கொரு பட்டியல் கொடுத்தார்கள். ஒருவருக்குப் பட்டுச் சேலை, ஒருவருக்கு மைசூர்பாகு, ஒரு ஆசிரியைக்குக் கிரைண்டர். கிரைண்டரை விமானத்தில் எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டேன். "மடியில வச்சிக்கிட்டு வாங்க சேர்" என்றார். சாரை எங்கள் ஊரில் சேர் என்போம். நான் புறப்பட்டது இவற்றில் எதற்காகவும் அல்ல. பதினொரு பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்க ஒரு வழி தேடிப் போனேன்.

நான் இலங்கையின் மலையகத்துக்காரன். ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் பதினெட்டு ஆண்டுகளாகக் கணிதம் படிப்பிக்கிறேன். அங்கே கணிதத்துக்கு இருப்பது நான் ஒருவன்தான். வரும் ஜனவரியில் எனக்குக் கண்டிக்கு இடமாற்றம். என் இடத்துக்கு ஆள் இல்லை என்று மேலே கையை விரித்துவிட்டார்கள். எங்கள் அதிபர் ஒரு கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். தலைமை ஆசிரியரை எங்கள் நாட்டில் அதிபர் என்போம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேரையும் எட்டு மைல் தள்ளியிருக்கும் பெரிய பாடசாலைக்கு மாற்றிவிடலாம் என்பதுதான் கடிதம்.

அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பாதையில் காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். பதினொரு பேரில் ஏழு பேர் பெண் பிள்ளைகள். மாலை பஸ் வராத நாளில் இருட்டில் மலைப் பாதையில் நடந்துதான் வர வேண்டும். புவனா என்ற பிள்ளையின் தாய் என்னிடம் நேராகவே சொல்லிவிட்டார். "அங்க அனுப்புறதுன்னா அவ கொழுந்து எடுக்க வந்துரட்டும் சேர்."

கண்டியிலிருந்து மாலை நேரத்தில் வீடியோவில் நானே வகுப்பெடுக்கிறேன் என்றேன். அதிபர் சிரித்தார். கொரோனாக் காலத்தில் நாங்கள் நடத்திய வீடியோ வகுப்புகளை நினைத்தால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். கடைசியில், "அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் கடிதத்தை அனுப்பாமல் வைத்திருக்கிறேன். எங்கேயிருந்தாவது ஒரு வகுப்பு நடத்திக் காட்டுங்கள், நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன்" என்றார். ஊர்ப் பாதிரியார் ஒருவர் மூலம் கோயம்புத்தூர் ஸ்டெல்லா டீச்சரைப் பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தேன். கான்வென்ட் பள்ளியில் கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலிருந்தபடியே, ஓரங்கட்டிய பழைய போன்களை வைத்து, சோமனூரில் விசைத்தறித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறார். அதை நேரில் பார்த்துக் கற்றுக்கொண்டு, அங்கிருந்தே வெள்ளிக்கிழமை வகுப்பையும் நடத்திக் காட்டுவது என்று கிளம்பிவிட்டேன்.

திங்கட்கிழமை பகலில் கோயம்புத்தூர். கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை, இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்தான். ஆட்டோக்காரர், "ஏனுங்க, எங்கீங்க போகோணும்?" என்றார். ஆர்.எஸ்.புரம் என்றேன். நான் பேசிய தினுசைக் கேட்டு, "எந்த ஊருங்க நீங்க?" என்றார். இலங்கை என்றதும் வண்டியை ஓட்டிக்கொண்டே முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை. "அங்க இப்பப் பரவால்லீங்களா?" என்று கேட்டார். அந்த ஒரு வாரத்தில் ஆறு பேர் இதே கேள்வியைக் கேட்டார்கள். மூன்றாவது ஆளிடம் நானே "பரவால்லீங்க" என்று சொல்லப் பழகிவிட்டேன்.

ஆர்.எஸ்.புரத்தில் இரண்டு பக்கமும் மரங்கள் நிற்கும் வீதி. அதையும் மீறி ஸ்கூட்டர்கள் எங்கே பார்த்தாலும் நிற்கின்றன. தேநீர் குடிக்க ஒரு கடையில் ஒதுங்கினேன். பாலைச் சுண்டக் காய்ச்சி, அதில் தேயிலையைப் பேருக்குக் காட்டி, நுரை தள்ள ஆற்றிக் கொடுத்தார்கள். முதல் வாயில் முகம் சுளித்தேன். எங்கள் மலையில் பால் சேராத வெறும் சாயம் குடித்தே வளர்ந்த நாக்கு இது. இரண்டாவது நாள் மறுபடியும் அதே கடைக்குப் போனேன், மூன்றாவது நாள் இரண்டு டம்ளர் குடித்தேன். தேயிலையை விளைவிக்கிற நாங்கள் நல்ல தூளை ஏற்றுமதி செய்துவிட்டு மிச்சத்தைக் குடிக்கிறோம் என்பதை ஊருக்குப் போய்ச் சொல்லி என்ன பயன்.

செவ்வாய்க்கிழமை காலை ஸ்டெல்லா டீச்சர் வீட்டு மாடி. மெலிந்த உருவம், பெரிய குரல். எனக்குச் சந்தகையும் தேங்காய்ப் பாலும் வைத்தார். எங்கள் இடியப்பத்தின் கொழுத்த அண்ணன் என்று சொல்லலாம். நான்கு முறை போட்டுக்கொண்டேன். "கூச்சப்படாமச் சாப்பிடுங்க சார்" என்றார். கூச்சம் எனக்கு எப்போதோ போய்விட்டிருந்தது.

அவருடைய வகுப்பறை ஒரு மேசை. தண்ணீர் பைப்பை வெட்டி ஒட்டிச் செய்த ஒரு தாங்கி, அடிப்பைப்பில் மணல் நிரப்பியிருக்கிறது. அதன் உச்சியில் கண்ணாடி விரிசல் விட்ட ஒரு போன், மேசையைப் பார்த்தபடி கவிழ்ந்து நிற்கிறது. அதன் கீழே இளமஞ்சள் தாள். அதில் அவர் எழுத எழுத, எழுத்து சோமனூரில் ஒரு டிவியில் தெரியும். வெள்ளைத் தாள் ஏன் இல்லை என்று கேட்டேன். "வெளிச்சம் பட்டாக் கண்ணக் கூசுமுங்க, எழுத்து செத்துப்போகும்" என்றார். நான் தலையாட்டினேன். மனதில் வாங்கிக்கொள்ளவில்லை.

எனக்குப் பிடிபடாதது அந்தப் பக்கத்து ஏற்பாடுதான். சோமனூரிலும் ஒரு பழைய போன் உத்தரத்தில் கட்டித் தொங்குகிறதாம், அதுவும் கீழே பார்த்தபடி. நீள மேசையின் இரண்டு பக்கமும் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். டீச்சரின் கணினித் திரையில் தெரிவது பிள்ளைகளின் உச்சந்தலை, கை, நோட்டுப்புத்தகம், அவ்வளவுதான். முகமே தெரியாது. முகத்தைப் பார்க்காமல் என்ன பாடம் என்று எனக்குள் ஓர் எரிச்சல். பதினெட்டு ஆண்டுகள் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே விளங்கியதா இல்லையா என்று கண்டுபிடிக்கிற ஆள் நான் என்று எனக்கொரு நினைப்பு. தவிரவும், நான் கொழும்பில் ஒரு நல்ல புதுக் கேமரா வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். அதைப் பெட்டியிலிருந்து எடுக்கவே சங்கடமாக இருந்தது.

அன்று மாலை வகுப்பு இல்லாததால் அவர் சொன்னபடி உக்கடம் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய போன்களைக் கூறுபோட்டு விற்கிறார்கள். ஒரு பாய் கடையில், "கேமரா மட்டும் நல்லா இருந்தால் போதும், பேச வேண்டிய தேவை இல்லை" என்றேன். "பேசாத போன்தானுங்க? நம்மகிட்ட அதுதான் நெறைய இருக்குது" என்று ஒரு டப்பாவையே கவிழ்த்தார். ஒவ்வொன்றிலும் என் கையைப் படம் எடுத்துக் காட்டி, விரல் ரேகை தெரிந்தால்தான் கொடுப்பேன் என்று அவரே ஏழெட்டைத் தள்ளிவைத்தார். இரண்டு போன் தேறியது. என்னுடைய புதுக் கேமராவின் விலைக்கு அந்த டப்பாவில் பாதியை அள்ளியிருக்கலாம். குளக்கரையில் காற்று வாங்கியபடி ரோட்டுக்கடைக் காளான் சாப்பிட்டேன். அதில் முட்டைக்கோஸ்தான் இருந்தது, ஆனால் ருசிக்குக் குறைவில்லை.

புதன்கிழமை டீச்சருக்கு உறவினர் வீட்டில் புதுமனை மந்திரிப்பு, பாதிரியார் வந்து ஜெபித்துப் புது வீட்டுக்குக் குடிபுகும் விழா. மாலை வகுப்பை ரத்து செய்யப் போனார். நான் எடுக்கிறேன் என்று முந்திக்கொண்டேன். வெள்ளிக்கிழமைக்கு ஒரு ஒத்திகை ஆயிற்றே. அவருக்கு ஒரே சந்தோஷம். "எட்டாவது, ஒம்பதாவது படிக்கிற பசங்க. சமன்பாடு நடத்துங்க சார். ஸ்கிரீனப் பார்த்தே நடத்துங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டு, காத்திருந்த காரில் ஏறிப் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் நான் என் புதுக் கேமராவை எடுத்தேன். மஞ்சள் தாளை ஓரமாக வைத்துவிட்டு, சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் எழுதுவது, நான் பக்கத்தில் நின்று முகம் தெரியப் பேசுவது என்று முடிவு. சோமனூரில் அந்த அறையைப் பார்த்துக்கொள்பவர் கோமதி. பக்கத்துத் தறிக் கூடம் அவர்களுடையதுதான். அவருக்குப் போன் செய்து, தொங்குகிற போனைப் பிள்ளைகளின் முகம் தெரியும்படி திருப்பச் சொன்னேன். ஒரு நொடி யோசித்தார். "சரிங்க சார்" என்றார். அடுத்த நிமிடமே, "திருப்பிப்போட்டேனுங்க" என்றார்.

திரையில் பன்னிரண்டு முகங்கள். எண்ணெய் வைத்து வாரிய தலைகள். எனக்கு மனது நிறைந்துவிட்டது. தறிச் சத்தம் மழை மாதிரி பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் பேச ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் முன்வரிசையில் ஒரு பெண் பிள்ளை இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நுனியோடு நுனி சேர்த்துப் பிரித்துக் காட்டினாள். அடுத்து, பக்கத்தில் இன்னொருத்தி. பிறகு ஒரு பையன். இந்த ஊர்ப் பிள்ளைகள் விருந்தாளிக்கு இப்படி ஒரு வணக்கம் வைப்பார்கள் போலும் என்று நினைத்தேன். மரியாதைக்குப் பேர்போன ஊர் ஆயிற்றே. நானும் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, என் இரண்டு விரல்களையும் சேர்த்துப் பிரித்துக் காட்டினேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கையைக் கட்டி உட்கார்ந்தார்கள். எவ்வளவு ஒழுக்கம் என்று வியந்தேன்.

நாற்பது நிமிடம் நடத்தினேன். ஒவ்வொரு கணக்கு முடிந்ததும் "புரிந்ததா?" என்று கேட்டேன். ஒவ்வொரு முறையும், "புரிஞ்சுதுங்க சார்" என்று பன்னிரண்டு குரல்களும் ஒன்றாக வந்தன. அன்று இரவு அதிபருக்குப் போன் போட்டு, கடிதத்தைக் கிழிக்கலாம் என்று அளந்தேன். "வெள்ளிக்கிழமை பார்ப்போம்" என்றார் அவர்.

வியாழக்கிழமை பிள்ளைகளை நேரில் பார்க்கச் சோமனூருக்குப் பஸ் ஏறினேன். பாராட்டு வாங்கப் போனேன் என்று சொன்னாலும் தப்பில்லை. "சோமனூர் வந்தாச் சொல்றேனுங்க, நீங்க நிம்மதியா உக்காருங்க" என்றார் நடத்துநர். பிறகு இலங்கையில் பஸ் எப்படி, அங்கே நடத்துநருக்கு உட்கார இடம் உண்டா என்று விசாரிக்க ஆரம்பித்தார். எங்கள் மலைப் பாதையில் வளைவுகளில் நடத்துநர் வாசலில் தொங்கியபடி வழி பார்த்துச் சொல்வதை நான் விவரமாகச் சொன்னேன். இரண்டு பேரும் பேச்சில் இருக்க, சோமனூர் தாண்டிப்போய்விட்டது. அவர்தான் அதிகம் வருந்தினார். இறக்கிவிட்டு, எதிரே வந்த ஒரு மொபெட்டை நிறுத்தி, "அண்ணா, இவரு வெளியூருங்க, சோமனூர்ல உட்டுருங்க" என்று ஒப்படைத்துவிட்டுத்தான் போனார். மொபெட்டில் ஏற்கெனவே நூல் மூட்டை இருந்தது. அதன் மேல் உட்கார்ந்து, சோமனூருக்குள் கொஞ்சம் உயரமாகவே நுழைந்தேன்.

தறிச் சத்தத்தைப் போனில் கேட்பது வேறு, பக்கத்தில் நிற்பது வேறு. தெருவில் கால் வைத்ததுமே மார்புக்குள் தட்டியது. கோமதிக்கு நாற்பது வயதிருக்கும். "வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல தண்ணி குடிங்க" என்று சொம்பை நீட்டினார். சாப்பிடாமல் எதையும் காட்டமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். அரிசிம்பருப்புச் சோறு, மேலே நெய், பக்கத்தில் தயிர். "தேங்காய் எங்க தோட்டத்துதுங்க" என்றார். இங்கே தோட்டத்தில் இருக்கிறோம் என்று சொன்னால் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் என்று பொருள். எங்கள் ஊரில் அதே வார்த்தையைச் சொன்னால், யாருடைய நிலத்திலோ வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் இருப்பவர்கள் என்று பொருள். நான் தயிரை ஊற்றிப் பிசைந்துகொண்டேன்.

மாலையில் பிள்ளைகள் வந்தார்கள். நேற்று முன்வரிசையில் இருந்தவள் தர்ஷினி, ஒன்பதாம் வகுப்பு. நோட்டை வாங்கிப் பார்த்தேன். தேதி இருந்தது. 'சமன்பாடு' என்ற தலைப்பு இருந்தது, அதன் கீழ் ஸ்கேல் வைத்து அழகாக ஒரு கோடு. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அடுத்த நோட்டு, அதற்கடுத்த நோட்டு, பன்னிரண்டிலும் அதே தேதி, தலைப்பு, கோடு.

"நேற்று பலகையில் எழுதினதை ஏன் யாரும் எழுதல?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது.

தர்ஷினி தரையைப் பார்த்தாள். "எழுத்துத் தெரியலீங்க சார். டியூப் லைட் வெளிச்சம் பலகையில அடிச்சுட்டு இருந்துச்சுங்க. உங்க மூஞ்சி நல்லாத் தெரிஞ்சுதுங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னோமுங்க சார்" என்று இரண்டு ஆள்காட்டி விரல்களையும் சேர்த்துப் பிரித்துக் காட்டினாள்.

"அது வணக்கம் இல்லையா?"

யாரும் சிரிக்கவில்லை. கோமதி மட்டும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு அவர்தான் என்னைத் தறிக் கூடத்துக்குள் கூட்டிப்போனார். அந்தச் சத்தத்தில் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. ஒரு ஆள் எட்டுத் தறிகளைப் பார்த்துக்கொண்டு நடந்தார். தூரத்தில் இன்னொருவர் அவரைப் பார்த்து அதே இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிரித்தார். இவர் உடனே ஒரு தறியை நிறுத்தி, குனிந்து, அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போட்டு, மறுபடியும் ஓட்டினார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வெளியே வந்ததும் கோமதி சொன்னார். "இழை அறுந்துபோச்சுன்னு அர்த்தமுங்க. இந்தப் பசங்க நடக்கறதுக்கு முன்னாடியே இதப் பழகிக்குவாங்க. மொத வருசம் எங்க மிஸ்ஸும் உங்கள மாதிரி மூஞ்சியப் பார்த்துத்தானுங்க நடத்துனாங்க. எல்லாம் புரிஞ்சுதுங்க, புரிஞ்சுதுங்கன்னே சொல்லி, பரிச்சையில ஒருத்தரும் தேறலீங்க. வாயில புரியலைன்னு சொன்னா மிஸ்ஸக் கொற சொன்ன மாதிரி ஆயிருமுங்க. கையில காட்டுனா அப்படி இல்லீங்க. இழை அறுந்தா அதுல யாரு தப்பு இருக்குது? நிறுத்தோணும், முடி போடோணும், ஓட்டோணும். அதுக்கப்புறந்தானுங்க போனக் கவுத்துக் கட்டுனோம், கையும் நோட்டும் தெரியோணும்னு."

"நான் திருப்பக் கேட்டபோது இதை ஏன் சொல்லவில்லை?"

"நீங்க விருந்தாளிங்க. எதுத்து எப்படிங்க பேசறது?"

உள்ளே வந்து தர்ஷினியிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். நான் திருப்பி விரல் காட்டியபோது என்ன நினைத்தீர்கள்?

"உங்க பக்கமும் ஏதோ அறுந்துபோச்சுன்னு நெனச்சோமுங்க. நீங்க சரி பண்ற வரைக்கும் பேசாம இருக்கலாம்னு உக்காந்திருந்தோமுங்க."

நாற்பது நிமிடம். பன்னிரண்டு பிள்ளைகள் வெறும் வெளிச்சத்தையும் என் முகத்தையும் பார்த்துக்கொண்டு, நான் எதையோ பழுது பார்க்கிறேன் என்று பொறுமையாக இருந்திருக்கிறார்கள். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. எழுந்துபோய்த் தொங்கிய போனை நானே மறுபடியும் கீழே திருப்பிக் கட்டினேன். அன்றைய வகுப்பை டீச்சர் எடுக்க, நான் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். அரை மணி நேரத்தில் ஐந்து முறை விரல்கள் பிரிந்தன. ஐந்து முறையும் மஞ்சள் தாளில் டீச்சரின் பேனா நின்றது, ஒரு படி பின்னால் போனது, மறுபடியும் வந்தது. அவர் ஒரு தடவைகூட "புரிஞ்சுதா?" என்று கேட்கவில்லை.

திரும்புவதற்கு முன் அதிபருக்குப் போன் செய்தேன். இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு எதிரே பாடசாலை டிவியை வைக்க வேண்டும், அவருடைய பழைய போனை உத்தரத்தில் உடுப்புக் காயப்போடும் கயிற்றால் கட்டித் தொங்கவிட வேண்டும் என்றேன். "பிள்ளைகளின் முகம் தெரியாதே" என்றார். தெரிய வேண்டாம் என்றேன். உக்கடத்தில் பேசாத போன் இரண்டு வாங்கியதையும், நேற்று இரவு அளந்தது பொய் என்பதையும் சொன்னேன். அவர் லயத்துக்கு ஆள் அனுப்பினார். புவனா வந்ததும் அவளிடம் போனைக் கொடுத்தார். அந்தப் பிள்ளைகளுக்குத் தறி தெரியாது. ஊசியில் தைக்கும்போது நூல் அறுந்தால் எப்படி இருக்கும் என்று சொல்லி, விரல்களை எப்படிப் பிடிப்பது என்று விளக்கினேன். எல்லாருக்கும் சொல்லிவிடு என்றேன். "விளங்குது சேர்" என்றாள். முந்தின நாள் சோமனூர்ப் பிள்ளைகள் சொன்னதும் இதே பதில்தான். அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. டீச்சரின் மேசை, மஞ்சள் தாள், விரிசல் விட்ட போன். என் புதுக் கேமரா பெட்டிக்குள் போய்விட்டது. டீச்சர் எனக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டார். அங்கே மலையில் மழை. படம் மூன்று முறை உறைந்து நின்றது. நான்காவது முறை அசைந்தது. இரண்டு மேசைகள், பதினொரு உச்சந்தலைகள், பதினொரு நோட்டுகள். மேசை ஓரத்தில் ஒரு வழுக்கைத் தலை, அது அதிபர். சட்டைப்பையிலிருந்து கடிதத்தின் நுனி மேலேயிருந்து நன்றாகத் தெரிந்தது.

அவர்கள் பரீட்சைக்கு வருகிற மாதிரியே ஒரு சமன்பாடு எடுத்தேன். ஒரு எண்ணின் மூன்றில் ஒரு பங்கும் நான்கில் ஒரு பங்கும் சேர்ந்தால் ஏழு. எண் என்ன? முதல் வரியை எழுதினேன். பதினொரு பென்சில்களும் எழுதின. இரண்டாவது வரியில் இரண்டு பின்னங்களையும் கூட்டினேன். மேசையின் கோடியில் பச்சை வளையல் போட்ட இரண்டு கைகள் எழுந்தன. விரல்கள் சேர்ந்தன, பிரிந்தன. புவனா. பேனாவை நிறுத்தினேன். அவளுக்குப் பக்கத்துக் கைகள் எழுந்தன. பிறகு எதிர்ப்பக்கம். எண்ணினேன், ஒன்பது பேர்.

"என்ன சேர், பிள்ளைகள் விளையாடுகிறார்களா?" என்றார் அதிபர்.

"இல்லை சேர். விளங்கவில்லை என்று சொல்கிறார்கள்."

"இத்தனை பேருமா?"

"ஒன்பது பேர்."

எனக்குப் பின்னால் ஜெபமாலை நின்றுவிட்டது. இந்த வகுப்பு இத்தோடு முடிந்தது, கடிதம் இன்றே போகிறது என்று எனக்குத் தோன்றியது. இருந்தாலும் நிறுத்திய இடத்தில் இழையைத் தேடத்தானே வேண்டும். சமன்பாட்டை விட்டுவிட்டேன். புதுத் தாள் வைத்து, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று, இரண்டையும் கூட்டி உங்கள் நோட்டில் எழுதுங்கள் என்றேன்.

எழுதினார்கள். மேலேயிருந்து எல்லாம் தெரிந்தது. மேலே இருந்ததை மேலே இருந்ததோடும், கீழே இருந்ததைக் கீழே இருந்ததோடும் கூட்டி, ஏழில் இரண்டு என்று ஒன்பது நோட்டிலும் ஒரே விடை. புவனா தன்னுடையதைச் சுற்றிக் கட்டம்கூடப் போட்டிருந்தாள்.

அதிபரின் தலை திரைக்குள் வந்தது. ஒவ்வொரு நோட்டாகக் குனிந்து பார்த்துக்கொண்டே மேசையைச் சுற்றினார். அவர் சரித்திரம் படிப்பிக்கிறவர், ஆனாலும் பின்னம் தெரியும்.

"இது ஏழாம் வகுப்புப் பாடம் அல்லவா?" என்றார்.

"ஆமாம் சேர்."

"பெரிய பாடசாலையில் பத்தாம் வகுப்புக்குப் போனால் இதை யார் நின்று பார்ப்பார்கள்?"

அவர் கேட்டது என்னிடம் இல்லை. அவர் கை சட்டைப்பைக்குப் போனது. கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்து, அதையும் இரண்டாகக் கிழித்து, மேசையில் வைத்தார். காற்றில் பறக்காமல் இருக்கப் புவனா தன் பென்சில் பெட்டியை அதன் மேல் தூக்கி வைத்தாள்.

"ஜனவரி வரைக்கும் காத்திருக்க வேண்டாம்" என்றார் அதிபர். "கோயம்புத்தூரிலிருந்து வந்ததும் உங்கள் அந்தப் பேசாத போன்களைக் கொண்டுவந்து கட்டுங்கள். பக்கத்து அறையில் இருந்துகொண்டே தொடங்குங்கள்."

பின்னால் டீச்சர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கும் கண் கலங்கித்தான் இருந்தது, ஆனால் அது சந்தோஷத்தால் மட்டும் இல்லை. இந்தப் பிள்ளைகள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது பின்னம் படிப்பித்தது யார் என்று அதிபர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். "விளங்குதா?" என்று கேட்டேன், "விளங்குது சேர்" என்று பதினொரு குரல்களும் சொல்லின, அடுத்த பாடத்துக்குப் போனேன். அன்றைக்கு எனக்கும் அவர்களுக்கும் நடுவில் கேமராவும் இல்லை, கடலும் இல்லை. அதே அறையில், அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, எதிரிலேயே நின்றிருந்தேன்.